ஹெடர் உறுப்பு

ஹெடர் என்பது, ஓர் இணையப் பக்கத்துக்கோ அதன் உட்பகுதி ஒன்றுக்கோ உரிய அறிமுக விடயங்களைச் சேர்த்து அடக்கும், எச்டிஎம்எல் குறிமொழியின் உறுப்பு. தளத்தின் பெயர், இலச்சினை, வழிகாட்டிப் பட்டி, தேடல் பெட்டி, மொழித் தெரிவு ஆகியன வழக்கமாக இதற்குள் அமையும். உலாவிக்கான தகவல்களைத் தாங்கித் திரையில் தோன்றாதிருக்கும் ஹெட் உறுப்பும், எச்1 முதல் எச்6 வரையான தலைப்பு உறுப்புகளும் இதனின் வேறானவை.

முன்வரலாறு

டிம் பேர்னர்ஸ்-லீ 1990களின் தொடக்கத்தில் சேர்ன் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய எச்டிஎம்எல்லில் தலைப்பு, பந்தி, பட்டியல் ஆகியவற்றுக்குக் குறிச்சொற்கள் இருந்தன. பக்கத்தின் முகப்பை மொத்தமாகக் குறிக்க ஒன்றும் இல்லை. டேவ் ராகெட் 1995இல் எழுதிய எச்டிஎம்எல் 3.0 வரைவு, இலச்சினையும் வழிகாட்டி இணைப்புகளும் பக்கத்தோடு உருளாமல் நிற்பதற்காக 'பேனர்' என்ற உறுப்பை முன்வைத்தது. வரைவு அவ்வாண்டே காலாவதியானதால் அது நடைமுறைக்கு வரவில்லை.

வடிவமைப்பாளர்கள் அட்டவணையின் முதல் வரிசையையும் சட்டகங்களையும் கொண்டு முகப்பை அமைத்துக்கொண்டனர். எச்டிஎம்எல் 3.2 1997இல் பொதுப் பெட்டியான டிவ் உறுப்பைத் தரநிலைக்குள் கொண்டுவந்தபின், 'ஹெடர்' என்று பெயரிட்ட டிவ் பரவலாயிற்று. அப்பெயர் எழுதியவருக்கே விளங்கியது. உலாவிக்கும், பக்கத்தை ஒலியாக வாசிக்கும் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் பெட்டி.

தரநிலையாக்கம்

ஆப்பிள், மொசில்லா, ஒபெரா நிறுவனத்தார் 2004இல் எச்டிஎம்எல்லை வளர்ப்பதற்காக வாட்விக் குழுவைத் தொடங்கினர். அதன் தொகுப்பாசிரியர் இயன் ஹிக்சன், கூகுளில் பணியாற்றியபோது, 2005 டிசம்பரில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை ஆராய்ந்தார். பக்கங்களை எழுதியோர் உறுப்புகளுக்குத் தாமாகச் சூட்டியிருந்த வகைப்பெயர்களில் 'ஃபூட்டர்', 'மெனு', 'ஹெடர்', 'நேவ்' ஆகியன முன்வரிசையில் நின்றன. குழு முன்வைத்த ஹெடர் முதலிய புதிய உறுப்புகள் ஏற்கெனவே வேரூன்றிய வழக்கத்துக்கு ஒப்ப அமைந்திருந்ததை இது காட்டியது.

இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி 2008 ஜனவரியில், ஹெடரை உள்ளடக்கிய எச்டிஎம்எல்5இன் முதல் வரைவை வெளியிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8உம் அதற்கு முந்திய பதிப்புகளும் அறியாத உறுப்புக்கு அலங்கார விதிகளை ஏற்க மறுத்தன. ஜாவாஸ்கிரிப்டில் அவ்வுறுப்பை ஒருமுறை உருவாக்கிக் காட்டினால் உலாவி ஏற்கும் என்று நிரலாளர் ஸ்யோர்ட் விஷர் கண்டார். மற்றொரு நிரலாளர் ரெமி ஷார்ப் 2009இல் அதைச் சிறு நிரலாக்கிப் பரப்பினார். எச்டிஎம்எல்5 2014 அக்டோபர் 28இல் முழுத் தரநிலையானது. 2019 முதல் வாட்விக்கின் தொடர்ந்து திருத்தப்படும் ஆவணமே ஒரே தரநிலை.

பயன்பாட்டு விதிகள்

ஹெடர் குறிப்பது இடத்தையன்று, பணியை. ஆகவே ஒரே பக்கத்தில் பல ஹெடர்கள் வரலாம். எடுத்துக்காட்டாக, இலங்கைத் தேயிலைப் பிராந்தியங்களை விளக்கும் பக்கமொன்றில், தளத்தின் பெயரும் பட்டியும் முதன்மை ஹெடரில் அமையும். நுவரெலியா, ஹட்டன் பகுதி அடங்கும் திம்புள்ள, ஊவா என்று ஒவ்வொரு கட்டுரைப் பகுதிக்கும் அதன் பெயரும் உயரமும் கொண்ட தனி ஹெடர் இருக்கலாம். திரைவாசிப்பான் முதன்மை ஹெடரையே தளத்தின் முகப்பாக அறிவிக்கும். ஆர்ட்டிக்கிள், செக்சன் போன்றவற்றின் உள்ளே உள்ளதை அவ்வாறு அறிவிக்காது. ஒரு ஹெடருக்குள் மற்றொரு ஹெடரையோ ஃபூட்டரையோ வைக்கலாகாது.

இலங்கையில்

1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழரான நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டன் அப்போது அடங்கியிருந்த அம்பகமுவ உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அரச இணையத்தளங்களின் முகப்பில் அரச இலச்சினையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்று இணைப்புகளும் இடம்பெறுவது இம்மொழிக் கொள்கையின் விளைவு.

ஆரம்பகாலத் தமிழ்த் தளங்கள் பலவற்றில் முகப்புப் பெயர் படமாகவோ பாமினி போன்ற எழுத்துருவிலோ இருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் பாமினி எழுத்துகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரிந்தன. மாற்றுரை சேர்க்காத படத்தைத் தேடுபொறி வாசிக்க முடியவில்லை. யூனிகோட் பரவியபின் முகப்புப் பெயரைத் தேடவும் நகலெடுக்கவும் ஒலிக்கவும் முடிந்தது. '.இலங்கை' என்ற உயர்மட்ட ஆள்களப் பெயரும் 2010இல் கிடைத்தது.

மும்மொழி முகப்பில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதி, 'லாங்' என்ற எச்டிஎம்எல் பண்பால் மொழியைக் குறிப்பது முறை. இல்லையேல் திரைவாசிப்பான் தமிழ்ச் சொல்லைச் சிங்கள அல்லது ஆங்கில ஒலிப்பில் வாசிக்க முயலும். தமிழ் இணைப்பு, வாசகர் நிற்கும் அதே பக்கத்தின் தமிழ் வடிவத்துக்குச் செல்ல வேண்டும். தளத்தின் முதற்பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், விண்ணப்பப் படிவம் தேடுபவர் முதலிலிருந்து தொடங்க நேரும். முகப்பில் தமிழ் இணைப்பு இருப்பதும் அதன் பின்னே தமிழ் உள்ளடக்கம் இருப்பதும் வெவ்வேறு. தரநிலை முன்னதற்கே வடிவம் தரும். பின்னது அலுவலகத்தின் மொழிபெயர்ப்பு வேலையைப் பொறுத்தது.