வயதுக்கூறின் பிழை: டுஷேன் சிறுவர்களின் உயரக் கணிப்பு குறித்து ஒரு மறுபரிசீலனை

டுஷேன் தசைச்சிதைவு உள்ள சிறுவனால் நிற்க முடியாமல் போனபின், முன்கையிலுள்ள அல்னா எலும்பை அளந்து உயரத்தைக் கணிப்பது வழக்கமாகிவிட்டது. மெல்போர்னில் நலமுள்ள பள்ளிப் பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து 2004-இல் வெளியிடப்பட்ட சமன்பாடு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. நலமுள்ளோரிடம் அது நன்கு பொருந்துவதால் நோயுற்றோரிடமும் பொருந்தும் என்று கொள்வோர் பலர். அந்த முடிவுக்கு வர எனக்குத் தயக்கம் உண்டு.

ஆண் பிள்ளைகளுக்கான வாய்பாடு இது: அல்னா நீளம் × 4.605, வயது × 1.308, இரண்டோடும் 28.003 கூட்டினால் உயரம் செ.மீ.யில் கிடைக்கும். இதில் வயது ஏன் வருகிறது? வளரிளம் பருவத்தில் கைகால்களின் வளர்ச்சி ஓய்ந்த பிறகும் முதுகெலும்பு சிறிது காலம் நீள்கிறது. எலும்பின் அளவு சொல்லாத அந்த வளர்ச்சியை வயது ஈடுசெய்கிறது என்றே நான் வாசிக்கிறேன். நாள்தோறும் ஸ்டீராய்டு உட்கொள்ளும் டுஷேன் சிறுவனிடம் தவறிப்போவதும் அதுவேதான்: பூப்பு தள்ளிப்போகிறது, முதுகெலும்புகள் நசுங்கி முறிகின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு. 11 வயதில் அல்னா 22 செ.மீ.; உயரம் 143.7. எலும்பு வளராமலே 14 வயதானால் 147.6. ஏறிய நான்கு செ.மீ.யும் பிறந்தநாள்கள் தந்தவை. மூச்சுச் சோதனையில் எதிர்பார்க்கும் அளவு இந்த உயரத்தைக் கொண்டே கணிக்கப்படுகிறது; நுரையீரல் கொள்ளளவு ஏறத்தாழ உயரத்தின் இரண்டரை அடுக்கில் கூடுவதால், அந்த அளவு 7 விழுக்காடு ஏறிவிடும். மூச்சளவு லிட்டரில் மாறாத சிறுவன், எதிர்பார்க்கும் அளவின் 52 விழுக்காட்டிலிருந்து 49-க்கு இறங்குவான். இரவுநேர மூச்சுக் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கும் 50 விழுக்காட்டு எல்லையை அவன் தாண்டியது தாளில் மட்டுமே. எல்லாச் சிறுவர்களிடமும் எலும்பு இப்படி முற்றாக நிற்பதில்லை. பிழையின் திசை மட்டும் மாறாது.

வளைந்த முதுகைச் சேர்க்காத 'நேரான' உயரத்தைத் தருவதே இம்முறையின் சிறப்பு என்பர். ஏற்கிறேன், ஆனால் வளைவை விலக்குவதும் வளராத முதுகை வளர்ந்ததாகக் கொள்வதும் ஒன்றல்ல. கைவிரிப்பளவை எடுக்கலாமே என்பார்க்கு, முழங்கை மடங்கி இறுகியவனிடம் அது எடுபடாது என்பதே போதுமான விடை.

சிறுவன் நிற்கும் காலத்திலேயே, வருகைதோறும் உயரத்தையும் அல்னாவையும் சேர்த்துப் பதிந்துவைத்தால் அவனுக்கே உரிய விகிதம் கிடைக்கும். நடை நின்றபின் அதைக்கொண்டு கணிக்கலாம். பூப்பில் விகிதம் மாறாதா? மாறும், அப்போது திருத்திக்கொள்ளலாம். நடை நின்ற பிறகே முதன்முதலாக வருவோருக்கு இவ்வழி இல்லை. அவர்களுக்குப் பொதுச் சமன்பாட்டையே கொள்ள நேரும்போது, நாட்காட்டி வயதுக்குப் பதிலாக மணிக்கட்டு எக்ஸ்ரே காட்டும் எலும்பு வயதை இட்டுப் பார்ப்பது சோதிக்கத்தக்கது. அதுவரை விழுக்காட்டின் பக்கத்தில் லிட்டர் அளவையும், உயரம் எம்முறையில் பெறப்பட்டது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.