தெருவுக்கு என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டார்கள்? – பினாங்கு நகராண்மையின் கதை



சென்ற பள்ளித் தவணையின் இறுதியில் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்குத் தீவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். பேருந்து நகருக்குள் நுழைந்து ஒரு முச்சந்தியில் நின்றபோது, சன்னலோரம் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி சாலைப் பெயர்ப்பலகையை உரக்கப் படித்தாள். "ஜாலான் டி. எஸ். இராமநாதன்... ஐயா, இவர் பாடகரா?" பேருந்தே சிரித்தது. "இல்லையம்மா, இவர்தாம் இந்த மாநகரின் முதல் மேயர்" என்றேன். "மேயரை யார் தேர்ந்தெடுப்பார்கள், ஐயா? எங்கள் அப்பா ஓட்டுப் போடப் போவாரே, அப்போதா?"

இப்பொழுது அதற்கு யாரும் வாக்களிப்பதில்லை என்றேன். முன்பு மக்கள் மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், உறுப்பினர்கள் தங்களுள் ஒருவரை மேயர் ஆக்கினார்கள் என்றும் விளக்கினேன். "பிறகு ஏன் நிறுத்தினார்கள்?" என்றாள். நல்லவேளை, பச்சை விளக்கு எரிந்தது. பேருந்தும் நகர்ந்தது, நானும் தப்பித்தேன்.

ஆனால் அவ்வினா என்னை விடவில்லை. பள்ளிக்குத் திரும்பியதும் ஆசிரியர் அறையில் கேட்டுப் பார்த்தேன்: நம் வட்டாரத்தின் நகராண்மைக் கழக உறுப்பினர் யார்? அன்று அங்கே பதினொருவர் இருந்தோம். நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நகராண்மைக் கழக உறுப்பினரின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளி வாயிலுக்கு எதிரேயுள்ள கால்வாய்க்கு மூடி போடுவதும், தெருவிளக்கைப் பழுது பார்ப்பதும் நாடாளுமன்றத்தின் பணிகள் அல்ல என்பதை நாம் அறிவோம். இருந்தும் அப்பணிகளுக்குரியவரின் பெயரை அறியாமலேயே ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்நிலை எப்படி வந்தது? அதற்கு விடை பினாங்கின் வரலாற்றில் இருக்கிறது.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் தீவில் கால் பதித்தபின் அமைந்த நகரம் ஜோர்ஜ் டவுன். லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்னும் நான்கு தெருக்களுக்குள் அடங்கியிருந்தது அதன் முதல் வடிவம். சூலியா தெரு என்ற பெயரிலேயே தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தடம் இருக்கிறது. அருகிலுள்ள மார்க்கெட் தெருவை நம்மவர்கள் 'கடைத்தெரு' என்றே அழைத்தார்கள். அத்தெருக்களையும் பிற சாலைகளையும் அமைத்த கைகளுள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளின் கைகளும் உண்டு. இதைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சில பாடநூல்கள் அந்த ஒரு வரியையும் தருவதில்லை.

1800ஆம் ஆண்டு வரி மதிப்பீட்டாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பிற்கால மலாயாவின் ஊராட்சிக்கு அதுவே வித்து. வீடுகளின் மதிப்பைக் கணித்து வரி தண்டி, தெருக்களையும் வடிகால்களையும் பேணுவது அதன் வேலை. வரி வாங்குவோர் இருந்தார்கள், கொடுப்போரும் இருந்தார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால் வேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் கொடுப்போரிடம் இல்லை.

1857இல் அதற்கு ஒரு வழி திறந்தது. அக்காலத்தில் நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டன. அங்கே இயற்றப்பட்ட சட்டப்படி நகராண்மை ஆணையர்களுள் சிலரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. இதைக் கேட்டதும் குடியாட்சி மலர்ந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்துவிடக் கூடாது. குறிப்பிட்ட அளவு வரி கட்டும் சொத்துடையோருக்கே அந்த வாக்கு. தெருவில் கடை வைத்திருந்தவருக்கு வாக்கு இருந்திருக்கலாம். அத்தெருவைக் கூட்டிய தமிழனுக்கு இல்லை. நகராண்மையின் சாலைப் பணிகளிலும் துப்புரவுப் பணிகளிலும் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். ஒவ்வொரு கால்வாயின் ஆழமும் அவர்களுக்குத் தெரியும். எது அடைத்துக்கொள்ளும், எந்த மழைக்கு எந்த அஞ்சடியில் தண்ணீர் ஏறும் என்பதும் தெரியும். அவர்களைக் கேட்டவர் யார்?

1913ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அரைகுறைத் தேர்தலையும் நீக்கியது. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆணையர்கள் அனைவரும் நியமனம் பெற்றவர்களே. அந்நியமன ஆணையர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது வரலாற்றுக்குச் செய்யும் பிழையாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்சாரமும் மின்டிராமும் நகருக்கு வந்துவிட்டன. 1920களில் கம்பிவழி மின்சாரம் பெற்று ஓடும் டிராலி பேருந்துகள் வந்தன. அவை 1961 வரை ஓடின. 1929இல் கில்லிமார்ட் நீர்த்தேக்கம் எழுந்தது. பாடாங் கோத்தா லாமாவில் வெண்ணிறத்தில் நிற்கும் நகர மண்டபம் 1903இல் கட்டப்பட்டது. எங்கள் மாணவர்கள் அதன் எதிரே உள்ள திடலில் அமர்ந்துதான் நண்பகல் உணவு உண்டார்கள். ஆனால் அத்தனை பெருமைக்கும் நடுவே, உள்நகரின் நெருக்கமான வீடுகளில் வாளிக் கழிப்பறைகள் போருக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தன. டிராமா கழிவுநீர்க் குழாயா என்ற வினா எழுந்தால், வாளியை நாள்தோறும் சுமந்தவன் எதைச் சொல்லியிருப்பான் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

1951 திசம்பர் முதல் நாள் ஜோர்ஜ் டவுன் மக்கள் வாக்களிக்கச் சென்றார்கள். மலாயாவில் போருக்குப் பின் நடந்த முதல் நகராண்மைத் தேர்தல் அது. ஒன்பது இடங்களுக்குப் போட்டி. கோலாலம்பூரில் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த தேர்தலைத்தான் நாம் அதிகம் படிக்கிறோம், கூட்டணி அரசியல் அங்கே பிறந்தது என்பதால். ஆனால் முதல் வாக்குப்பெட்டி பினாங்கில் திறந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1956இல் நகராண்மையின் உறுப்பினர்கள் அனைவருமே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ற நிலை உருவாயிற்று. 1957 சனவரி முதல் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு எட்டுத் திங்கள் முன்பே, எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் ஜோர்ஜ் டவுன் மாநகராயிற்று. மலாயாக் கூட்டரசின் முதல் மாநகர் அதுவே. அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் கைதிகளாகவும் கூலிகளாகவும் வந்து அந்நகரின் சாலைகளை இட்டவர்களின் இனத்திலிருந்து ஒருவர் அதன் தலைமை இருக்கையில் அமர்ந்தார். நமக்குப் பெருமைதான். ஆயினும் அவர் தமிழர் என்பதற்காக மட்டும் நாம் அவரை நினைப்போமானால் அவரைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் ஆவோம். பல இனத்தவர் வாழ்ந்த நகரில், பல இனத்தவரின் வாக்குகளால் அமைந்த மன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தது. பினாங்குக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். 1969இல் அப்பல்கலைக்கழகம் பிறந்தது. முன்னர் ஸ்காட் சாலை என்று வழங்கிய சாலைக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

அந்த மாநகர் மன்றம் வெறும் குப்பை அள்ளும் அலுவலகமாக இருக்கவில்லை. மின்சாரம், தண்ணீர், பேருந்து மூன்றும் அதன் கையில் இருந்தன. 1960களின் நடுவில் அதன் ஆண்டு வருமானம் மாநில அரசின் வருமானத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு 1962இல் நிறைவுற்றது. குறைந்த வாடகையில் தொழிலாளர் குடும்பங்கள் தங்குவதற்கு அடுக்குமாடி வீடுகளை மன்றமே கட்டியது. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர், அவ்வாசலில் நாறும் கால்வாயையும் முகர்ந்துதானே ஆக வேண்டும்!

பிறகு ஏன் நிறுத்தினார்கள்? மாணவியின் வினாவுக்கு வருகிறேன்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைப்பு என்றுதான் சொன்னார்கள். மறு ஆண்டே ஜோர்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் மீது நிர்வாகக் குறைகள் சாட்டப்பட்டு, அதன் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் சென்றன. வேறு சில ஊர்களின் மன்றங்கள் மீதும் முறைகேட்டுப் புகார்கள் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் எல்லாம் தூய்மையானவை என்று நான் வாதாட வரவில்லை.

ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய 1965இலேயே ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் பணிபுரிந்த சானகி அம்மையாரின் கணவர் என்றால் பலருக்கு விளங்கும். அவ்வாணையம் 1968இல் தன் அறிக்கையை முடித்தது. குறைகளை எல்லாம் எடைபோட்டுப் பார்த்த பின்னும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த ஒருவரின் தலைமையில் எழுந்த அறிக்கை அது என்பதை மறவாதீர்கள். தம் தரப்புக்கு எது வசதி என்று பாராமல் எது முறை என்று பார்த்த அந்த நேர்மைக்காகவே ஆதி நாகப்பன் நம் வகுப்பறைகளில் பேசப்பட வேண்டியவர்.

அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1974இல் மாநகர் மன்றமும் தீவின் ஊரக மன்றமும் ஒரே நிர்வாகமாயின. மாநகர் என்ற வழக்கும் மங்கியது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அச்சட்டப்படி ஒரு மன்றத்துக்கு எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்கள். நியமிப்பது மாநில அரசு. அவர்களுள் பெரும்பாலோர் அவ்வட்டாரத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நம் வட்டார உறுப்பினர் நம் பக்கத்துத் தெருக்காரராகவே இருக்கலாம் என்பது இதனால் பெறப்படும். ஆதி நாகப்பன் மறைந்ததும் அதே 1976இல்தான்.

அதன்பின் நகரின் உள்வட்டாரத்துக்கு நேர்ந்ததை இரண்டு ஆண்டுகளைக் கொண்டு சொல்லிவிடலாம். 2000 சனவரியில் பழைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடியிருந்தவர்கள் கட்டுப்படியாகாமல் வெளியேறினார்கள். 2008இல் ஜோர்ஜ் டவுன் மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுடைமைத் தகுதி பெற்றது. சுவர்கள் புதுப்பிக்கப்பட்டன; தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. கட்டடம் பிழைத்தது, குடியிருந்தவர் போய்விட்டார். மேம்பாடு என்ற சொல்லை நான் சற்று ஐயத்துடன் பயன்படுத்துவதற்கு இதுவே காரணம்.

2012ஆம் ஆண்டு பினாங்கில் இரண்டு செயல்கள் நடந்தன. ஒன்று பெரியது. ஊராட்சித் தேர்தலை மீண்டும் நடத்த மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

மற்றொன்று சிறியது, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பு அடுக்குமாடியில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகமும் நகராண்மைக் கழகமும் சேர்ந்து நடத்தின. பொறியியலாளர் வரைபடத்தோடு வருவதற்கு முன்பே, குடியிருப்போரிடம் உங்களுக்கு முதலில் எது வேண்டும் என்று கேட்டார்கள். ஆண்களை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. பெண்கள், முதியோர், இளையோர் என எல்லாத் தரப்பினரையும் கேட்டார்கள். தேவைகளை வரிசைப்படுத்தி வாக்களிக்கவும் செய்தார்கள். முன்னே வந்தது துப்புரவும் பராமரிப்பும். பின்னர்த் துப்புரவுப் பணியைக் குடியிருப்பாளர்களே ஊதியத்துக்கு ஏற்றுச் செய்தார்கள். 1857இல் வாக்கில்லாமல் தெருவைக் கூட்டியவனை நினைத்துக்கொண்டேன். இங்கே கூட்டுபவரும் அவரே, முடிவு செய்தவரும் அவரே. அந்தத் தெருவின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்று பினாங்கில் உண்டு என்பதையும் ஆசிரியர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

2015 மார்ச்சில் தீவு முழுவதும் மாநகர் தகுதி பெற்றது. முதல் மேயராகப் பத்தாஹியா இஸ்மாயில் என்ற பெண்மணி பொறுப்பேற்றார். 2023இல் டத்தோ இராஜேந்திரன் மேயரானார். இராமநாதனுக்கும் இவருக்கும் இடையே அறுபத்தாறு ஆண்டுகள். முன்னவர் மக்கள் வாக்களித்த மன்றத்தால் வந்தார். பின்னவர் நியமனத்தால் வந்தார்.

எங்கள் மாணவர்களிடம், பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு என்ன வேண்டும் என்று ஆளுக்கு மூன்று தேவைகளை எழுதி வரச் சொன்னேன். கால்பந்துத் திடல் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் மூன்றாவதாக. முதலில் வந்தது கால்வாய் மூடி. இரண்டாவது, பாட்டிமார் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு நிழற்கூரை. பெற்றோர் ஒருவர் விசாரித்து எங்கள் வட்டார உறுப்பினரின் பெயரை அறிந்து வந்தார். கடிதத்தை வகுப்பிலேயே எழுதினோம். முப்பத்திரண்டு கையொப்பங்கள். பேருந்தில் வினாக் கேட்ட மாணவி தன் பெயருக்குக் கீழே வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் தெளிவாக எழுதினாள். "பதில் போட வேண்டுமே, ஐயா" என்றாள்.