முஞ்சிறைக் கணக்கு

கலியுகம் பிறந்து 14,49,087 நாட்கள். நம்ம கணக்கில் கி.பி. 866. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து ஒரு நிலத்தை வாங்குகிறான். ராஜாதானே என்று சும்மா பிடுங்கிக்கொள்ளவில்லை. பதிலுக்கு வேறு நிலம் கொடுத்துத்தான் வாங்குகிறான். அங்கே விஷ்ணுவுக்கு ஒரு கோயில் எழுப்பி, பார்த்திவசேகரபுரம் என்று பெயர் வைத்து, கூடவே மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும் ஏற்படுத்துகிறான். (சாலை என்றால் ரோடு இல்லை. சோறும் போட்டுப் படிப்பும் சொல்லித்தரும் இடம்!)

அந்த ஊர் இன்றும் பார்த்திவபுரம் என்ற பெயரில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், முஞ்சிறைக்கு அருகே இருக்கிறது. அசல் நாஞ்சில் நாட்டுக்காரரிடம் கேட்டால், 'தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு, அது வேறயாக்கும்' என்பார். போகட்டும், மாவட்டம் ஒன்றுதானே!

மன்னன் இந்த ஏற்பாட்டையெல்லாம் செப்பேட்டில் வெட்டி வைத்தான். சாலையில் சேர என்னென்ன படித்திருக்க வேண்டும், கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்று அதில் ஏகப்பட்ட விதிகள். நமக்கு வேண்டியது மாணவர் எண்ணிக்கை. பவிழிய சரணத்தாருக்கு 45 இடம், தைத்திரிய சரணத்தாருக்கு 36, தலவகார சரணத்தாருக்கு 14. (சரணம் என்பது வேதத்தின் ஒரு பிரிவை ஓதும் கூட்டம்.) ஆக மொத்தம் 95.

மூன்று எண்களையும் சொன்ன பிறகு மொத்தம் எதற்கு? யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாமே! ஆனால் ஒரு நிமிஷம் கற்பனை செய்யுங்கள். ஆண்டில் இரண்டு பருவமழை பெய்கிற ஊர். செம்பில் களிம்பேறி '36' மட்டும் அழிந்துபோய்விட்டது. கவலையே இல்லை. 95-லிருந்து 45-ஐயும் 14-ஐயும் கழித்தால் போன எண் திரும்பி வந்துவிடும். 45 அழிந்தாலும் இதே கதைதான். மொத்தமே அழிந்தாலும் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம். நாலில் எது ஒன்று தொலைந்தாலும் நஷ்டமில்லை!

இன்றைக்கு பேங்க், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று எங்கே ஒரு சர்வர் ஓடினாலும், அதற்குள் பெரும்பாலும் இந்த முஞ்சிறைக் கணக்கோ அதன் உறவுக்காரக் கணக்கோதான் நடக்கிறது. பெயர் ரெய்டு. பயப்படாதீர்கள், வருமானவரி ரெய்டு இல்லை!

ஹார்ட் டிஸ்க்கின் கதை 1956-ல் தொடங்குகிறது. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது அந்த ஆண்டு நவம்பர் 1. அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்க்கை அறிவித்தது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள், சுமார் ஒரு டன் எடை. கொள்ளளவு? 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது போதாது.

அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு, பெரிய கம்ப்யூட்டர் என்றால் பெரிய, விலை உயர்ந்த டிஸ்க் என்பதுதான் வழக்கம். 1987-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் ஒரு கேள்வி கேட்டார்கள். பர்சனல் கம்ப்யூட்டருக்காகச் செய்கிற சின்ன, மலிவான டிஸ்க்குகளை நிறைய வாங்கி ஒன்றாகக் கட்டினால் என்ன? பணம் மிச்சம், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதால் வேகமும் கூடும்.

சிக்கலையும் அவர்களே சொன்னார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வையுங்கள். நூறு டிஸ்க்கைக் கட்டினால், சராசரியாக 300 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று சாகும். இரண்டு வாரம்கூட இல்லை! அதனால் மொத்தம் எழுதி வைக்கும் ஒரு கணக்குப்பிள்ளை தேவைப்பட்டார். 1988-ல் வெளியான அவர்களது கட்டுரை இந்த வித்தைக்கு ரெய்டு என்று பெயர் சூட்டி, ஐந்து வகைகளாகப் பிரித்தது. யோசனை முழுக்கப் புதிதில்லை. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த நார்மன் ஔச்சி, பழுதான டிஸ்க்கின் தகவலை மற்ற டிஸ்க்குகளிலிருந்து மீட்கும் முறைக்கு 1978-லேயே பேட்டன்ட் வாங்கியிருந்தார்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 இரண்டுதான். மூன்று டிஸ்க்கில் ஒரே இடத்தில் 1, 0, 1 இருக்கிறது என்றால் ஒன்றுகள் இரண்டு, அதாவது இரட்டைப்படை. நாலாவது டிஸ்க்கில் 0 போடு. ஒற்றைப்படையாக இருந்தால் 1 போடு. இதற்குப் பாரிட்டி என்று பெயர். நம்ம 95-தான் இது.

எந்த எண் மாறினாலும் மொத்தத்தையும் திருத்த வேண்டுமல்லவா? மொத்தத்துக்கென்றே ஒரு டிஸ்க்கை ஒதுக்கினால் (இது நாலாம் வகை) கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் க்யூ நிற்கும். ஐந்தாம் வகையில் கணக்குப்பிள்ளை வேலையை எல்லா டிஸ்க்கும் முறைவைத்துப் பார்க்கும். பிரபலமானது இதுதான். 2 டெராபைட் டிஸ்க் நாலு போட்டால் 6 கிடைக்கும்; ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்குப் போய்விடும். ஓயாமல் எழுதுகிற இடத்தில் இது கொஞ்சம் மெதுவாகும். ஒரு எண்ணை மாற்ற பழைய எண், பழைய மொத்தம் இரண்டையும் படித்து, புதிதாக இரண்டையும் எழுத வேண்டும். அதனால் பேங்க் கணக்கு மாதிரி வேலைகளுக்கு, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல் வைக்கும் பத்தாம் வகையை எடுப்பார்கள். அதே நாலு டிஸ்க்கில் 4 டெராபைட்தான் மிஞ்சும்.

பூஜ்ய வகை என்று ஒன்று உண்டு. வேகத்துக்காக டிஸ்க்குகளில் பிரித்து எழுதும், மொத்தமும் கிடையாது, நகலும் கிடையாது. ஒன்று போனால் எல்லாம் போச்சு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது!

கரன்ட் போகிற ஊரில் இன்னொரு தொல்லை. கணக்குப்பிள்ளை எண்ணை மாற்றி எழுதிவிட்டார், மொத்தத்தைத் திருத்துவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. இப்போது மொத்தம் பொய் சொல்லும். நாளைக்கு டிஸ்க் போகும்போது அந்தப் பொய்யை நம்பித்தான் மீட்கப்படும். இதற்காகவே நல்ல சர்வர்களில் ரெய்டு கார்டுக்கென்று தனி பேட்டரி வைப்பார்கள். யு.பி.எஸ். இருக்கிறதே என்று இதில் மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரி, செப்பேட்டில் இரண்டு எண்கள் அழிந்தால்? 36-ம் போச்சு, 14-ம் போச்சு. 95-ல் 45 போக மீதி 50. அது 36-ம் 14-மா, 30-ம் 20-மா? தெரியாது. நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். நாலு டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. வயதும் ஒன்று, உழைப்பும் ஒன்று. ஒன்று செத்ததும் புதுசு போட்டால், அதை நிரப்ப மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். பெரிய டிஸ்க் என்றால் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். தளர்ந்துபோன இரண்டாவது டிஸ்க் மண்டையைப் போட அதைவிடத் தோதான நேரம் ஏது?

அதற்குத்தான் ஆறாம் வகை. இதில் மொத்தம் இரண்டு. முதல் எண்ணை ஒன்றாலும், இரண்டாவதை இரண்டாலும், மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 45, 72, 42... ஆக 159. இந்த எண்ணும் செப்பேட்டில் இருந்திருந்தால்? 159-ல் 45 போக 114. இரண்டும் சேர்ந்து 50 என்பது தெரியும். அதன் இரு மடங்கு 100. மீதி 14. அதுதான் மூன்றாவது எண்! 50-ல் 14 போனால் 36. சர்வரில் கணக்கு இதைவிடச் சிக்கலானது, யோசனை இதேதான்.

இவ்வளவு செய்தும் ரெய்டால் தடுக்க முடியாத ஆபத்துகள் உண்டு. யாரோ தெரியாமல் ஒரு ஃபைலை அழித்தால், எல்லா டிஸ்க்கிலும் மகா விசுவாசமாக அழித்து, மொத்தத்தையும் திருத்தி வைக்கும். கட்டடம் தீப்பிடித்தால் ஆறாம் வகையும் பத்தாம் வகையும் சேர்ந்துதான் எரியும். யாழ்ப்பாணம் நூலகத்துக்கு 1981-ல், மே முடிந்து ஜூன் பிறக்கும் இரவில், தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கோ பிரதி இருந்த நூல்களைப் பிறகு தேடி வாங்க முடிந்தது. பிரதி இல்லாத ஓலைகளை எந்தக் கழித்தல் கணக்கும் மீட்கவில்லை.

பார்த்திவபுரத்துச் செப்பேட்டுக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். அது திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் ஹுஜூர் கச்சேரியில் இருந்தது. அதனால் ஹுஜூர் செப்பேடு என்றே பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் தொல்லியல் துறையைக் கவனித்த கோபிநாத ராவ் அதைப் படித்து, திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியிலேயே அச்சிட்டார். அதோடு அதன் வாசகம் பல ஊர் நூலகங்களுக்குப் போய்விட்டது. பின்னால் ஸ்கேனும் ஆகிவிட்டது.

அந்த வாசகத்தில் இன்னொரு தகவலும் இருக்கிறது. மன்னன் இந்தச் சாலையைக் காந்தளூர்ச் சாலையின் மாதிரியில் அமைத்தானாம். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் முதல் வெற்றியாக வருகிறதே, அதே காந்தளூர்தான். அங்கே அவன் செய்தது என்ன என்று அறிஞர்களுக்குள் பெரிய சண்டை. நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதற்காகத் தனியே ஒரு நூலே எழுதினார். காந்தளூர்ச் சாலை எப்படி நடந்திருக்கும் என்று தேடுகிறவர்கள் இன்றும் வந்து நிற்பது, அதைப் பார்த்து உண்டான முஞ்சிறைப் பிரதியிடம்தான்.