வீட்டில் செய்த இசைப்பெட்டிகளும் ஐந்து வோல்ட்டும்

மின்னணு இசைக் கட்டுப்பாட்டுக் கருவி தானாக ஒலி எழுப்பாது. பொத்தான்களும் திருகுகளும் அசைவதை எண்களாக மாற்றி, சின்தசைசருக்கோ கணினிக்கோ அனுப்புவதே அதன் வேலை. ஆர்வலர்கள் வீட்டில் செய்துகொண்ட இத்தகைய பெட்டிகளுக்கு மின்சாரம் வரும் வழி மாறியபோதெல்லாம் பழுதுகளும் மாறின.

1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் புரோஃபெட்-600 சின்தசைசரும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-6 சின்தசைசரும் மிடி என்னும் தரவுப் பரிமாற்ற முறையின் கம்பியால் இணைக்கப்பட்டன. டேவ் ஸ்மித்தும் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய அந்த முறையில் மிக நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. கம்பியில் ஓடும் 5 மில்லியாம்பியர் மின்னோட்டம், பெறும் கருவிக்குள் ஒரு சிறு எல்இடியை மினுக்கும். எதிரே உள்ள ஒளியுணரி அதைப் படிக்கும். கம்பியின் உறை அனுப்பும் பக்கத்தில் மட்டுமே எர்த்தோடு சேரும். இரு கருவிகளின் மின்சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஒரு பெட்டியின் மின்கோளாறு அடுத்த பெட்டிக்குப் பரவாததற்கு இதுவே காரணம்.

ஆனால் மிடி கம்பி வழியே மின்சாரம் கிடைக்காது. அதனால் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் நிலையத்தில் உருவாகி, 1984இல் இசைக்கலைஞர் மிஷெல் வைஸ்விஸ் தம் இரு கைகளிலும் அணிந்து வாசித்த ‘தி ஹேண்ட்ஸ்’ காலத்துக் கருவிகள் தமக்கான மின்சாரத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் செய்தவர்கள் பெரும்பாலும் 9 வோல்ட் அடாப்டரையும், அதை 5 வோல்ட்டாக நிலைநிறுத்தும் 7805 ரெகுலேட்டரையும் நம்பினர். 300 மில்லியாம்பியர் இழுத்தால் அந்த ரெகுலேட்டரில் 1.2 வாட் வெப்பமாக வீணாகும். உள்ளே வருவது சுமார் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வெளியே 5 வோல்ட் நிலைக்காது. அடாப்டருக்குப் பதில் பேட்டரி போட்டால், அது தீரும் நேரத்தில் பெட்டி உடனே அணையாமல் தாறுமாறாக நடந்துகொள்வது இதனால்தான்.

1996இல் வந்த யுஎஸ்பி, தரவையும் மின்சாரத்தையும் ஒரே கம்பியில் சேர்த்தது. 1999இல் மிடிக்கும் அதில் தனி வகுப்பு வரையறுக்கப்பட்டது. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்த ஆர்டுயினோவும், மறு ஆண்டில் 64 பொத்தான்களோடு வந்த மோனோம் 40எச் கருவியும் அடாப்டரே வேண்டாம் என்ற நிலையைப் பரவலாக்கின. ஆனால் கணினி முதலில் 100 மில்லியாம்பியரும், கருவி கேட்டு அனுமதி பெற்ற பின் 500 மில்லியாம்பியருமே தர வேண்டும் என்பது அன்றைய விதி. ஒரு எல்இடிக்கு 20 மில்லியாம்பியர் என்று கொண்டால், 64 விளக்குகளும் சேர்ந்து எரிய 1,280 மில்லியாம்பியர் தேவை. வரிசை வரிசையாக மாற்றி ஏற்றும் உத்தி இந்த நெருக்கடியைச் சமாளித்தது. பின்னால் வந்த பலவண்ண எல்இடிகளோ முழு வெள்ளையில் தலா 60 மில்லியாம்பியர் வரை இழுத்தன. எல்லா விளக்குகளும் எரிந்த கணமே கருவி கணினித் திரையிலிருந்து மறைந்து மீண்டும் தோன்றினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்னழுத்தச் சரிவையே, நிரலை அல்ல.

ஆகவே விளக்குகள் எரியும்போதே சோதனை நடக்க வேண்டும். சும்மா இருக்கும் பெட்டியில் மல்டிமீட்டர் 5 வோல்ட் காட்டுவது எதையும் நிரூபிக்காது. சுமையின்போது பெட்டிக்குள் அளவு சரிந்தால் கம்பியை மாற்றிப் பார்க்கலாம். இடையில் யுஎஸ்பி ஹப் இருந்தால் அதை நீக்கி நேராகக் கணினியில் செருகலாம். சரியாமல் இருந்தும் திருகின் எண் மட்டும் தானாகத் தாவினால் கோளாறு எர்த் கம்பியில் இருக்கலாம். விளக்குகளும் திருகும் ஒரே மெல்லிய கம்பியைப் பகிரும்போது, 0.1 ஓம் தடை வழியே 500 மில்லியாம்பியர் திரும்பினால் 50 மில்லிவோல்ட் எழும். 128 படிகள் கொண்ட மிடியில் ஒரு படி என்பது சுமார் 39 மில்லிவோல்ட்தான். திருகுக்குத் தனி எர்த் கம்பியும், சிப்பின் மின்கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் பெரும்பாலும் அது அடங்கும்.

யுஎஸ்பி திரும்பக் கொண்டுவந்த இன்னொரு தொல்லை ஸ்பீக்கரின் இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால், கணினியும் ஆம்ப்ளிஃபயரும் எர்த் வழியே வளையமாகிவிட்டன என்று கொள்ளலாம். அந்த வளையம் யுஎஸ்பி கம்பி வழியே போனால், யுஎஸ்பி ஐசொலேட்டரோ பழைய ஐந்து முள் மிடி இணைப்போ அதைத் தீர்க்கும். 3.3 வோல்ட் சுற்றுகளுக்காக 2014இல் மிடியின் மின்விதிகள் திருத்தப்பட்டபோதும் ஒளிவழித் தடுப்பு கைவிடப்படவில்லை.