எரிக்காமலே தொலைந்தவை

டுசல்டோர்ஃப் நகரைப் பற்றி எழுதும் எம்மவர் எவரும் ஹைன்றிஹ் ஹைனேயைத் தொடாமல் விடுவதில்லை. நானும் தொட்டிருக்கிறேன். இங்கே பிறந்து, நாடு விட்டுப் போய், 1856இல் பாரிஸில் இறந்த கவிஞன். 1933இல் நாஜிகள் எரித்த நூல்களில் அவனுடையவையும் இருந்தன. அங்கிருந்து 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்துக்கு வந்துசேர எமக்கு ஒரு பந்தி போதும். ஒப்பீடு பிழையென்று நான் சொல்லவரவில்லை. அது எமக்கு மிகவும் வசதியாகிவிட்டது என்பதே என் சந்தேகம். எரித்தவன் ஒருவன் இருந்தால் இழந்தவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை அல்லவா?

ஆகவே இம்முறை இதே நகரில் பிறந்த இன்னொருவரை எடுத்துக்கொள்கிறேன். ஹான்ஸ் ஹைன்ஸ் ஏவர்ஸ், 1871இல் பிறந்தவர். 1911இல் வெளியான 'அல்ரௌன' அவருக்குப் பெரும் புகழைத் தந்த நாவல். தூக்கிலிடப்பட்ட கொலையாளி ஒருவனின் விந்தைக் கொண்டு ஒரு விலைமாதைக் கருவுறச் செய்கிறார் ஒரு பேராசிரியர். பிறக்கும் பெண் அன்பு அறியாதவளாக வளர்ந்து, தன்னை நெருங்குவோரை எல்லாம் அழிக்கிறாள். தூக்குமரத்தின் கீழ் மனித வடிவில் முளைக்கும் வேர் பற்றிய பழைய நம்பிக்கையே கதையின் அடித்தளம். ஏவர்ஸ் பின்னர் நாஜிகளோடு சேர்ந்தார். அவர்களது 'தியாகி' ஹோர்ஸ்ட் வெசலைப் பற்றி 1932இல் நாவலும் எழுதினார். ஆயினும் 1934இல் அவரது நூல்களில் பெரும்பாலானவற்றை அவர்களே தடைசெய்தார்கள். இது எமது சூழலில் கேள்விப்படாத கதை அல்ல.

இந்த நாவலை 1918இல் ஹங்கேரியில் மௌனப்படமாக்கியவர் மிஹாய் கெர்ட்டேஸ். அடுத்த ஆண்டின் அரசியல் கொந்தளிப்பில் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். வியன்னா, பின்னர் 1926இல் ஹொலிவூட். மைக்கல் கேர்ட்டிஸ் என்ற பெயரில் 1942இல் 'கசப்பிளாங்கா'வை இயக்கியவர் இவரே. பயணப் பத்திரத்துக்காகக் காத்துக்கிடக்கும் அகதிகளின் கதை. நடித்தவர்களிலும் பலர் ஐரோப்பாவிலிருந்து தப்பிவந்தவர்கள். எம்மில் பலர் பார்த்த படம். ஆனால் அவரது 'அல்ரௌன'வை இன்று எவரும் பார்க்க முடியாது. அதன் பிரதி எதுவும் எஞ்சவில்லை. 1928இல் ஹென்றிக் காலீன் இதே நாவலை எடுத்த படம்தான் எமக்குக் கிடைக்கிறது.

யார் எரித்தது? மௌனப்படங்கள் விடயத்தில் இக்கேள்வி பெரும்பாலும் பொருந்துவதில்லை. நைத்திரேற் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாவிட்டாலும் ஒட்டிப்பிடித்துப் பொடியாகும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவை ஏராளம். பேசும்படம் வந்தபின், விலைபோகாத சரக்கு இடத்தை அடைப்பானேன் என்று வீசப்பட்டவையும் ஏராளம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு தயாரான முழுநீள மௌனப்படங்களில் சுமார் 70 சதவீதம் அழிந்துவிட்டன. அதற்குப் போரோ காடையர் கூட்டமோ தேவைப்படவில்லை.

தமிழகத்திலும் இதே கதைதான். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமெனச் சொல்லப்படும் நடராஜ முதலியாரின் 'கீசகவத'த்துக்குப் பிரதி கிடையாது. மாறாக, சி. வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு மலையாள நாவலான 'மார்த்தாண்ட வர்மா'வை பி. வி. ராவ் 1933இல் எடுத்த மௌனப்படம் பிழைத்திருக்கிறது. எப்படி? நாவலின் உரிமை தனதென்று பதிப்பகம் வழக்குப்போட, படம் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, பிரதி பதிப்பகத்தின் கைக்குப் போய் அங்கேயே கிடந்தது. 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை எடுத்துக்கொண்டது. கலை மீதான பக்தி அந்தப் படத்தைக் காப்பாற்றவில்லை. 'இது என்னுடையது' என்று சொல்ல யாரோ இருந்தார்கள், அவ்வளவுதான்.

1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் எரிந்தன. அந்தக் கணக்கு எதிரியினுடையது. அதை நாம் ஒருபோதும் தள்ளுபடி செய்யத் தேவையில்லை. ஆனால் 1990களில் ஐரோப்பாவில் எம்மவர் வீடியோவில் எடுத்த குறும்படங்கள் எங்கே? அவற்றில் ஒன்றில் நானும் நடித்தேன். அந்தக் கசற் எனது வீட்டு நிலவறையில், ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருபத்தைந்து வருடங்களாகக் கிடக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் கருவியைக் கூட நான் எறிந்துவிட்டேன். எந்த இராணுவமும் என் நிலவறைக்கு வரவில்லை.

ஜேர்மனியில் வெளியாகும் சஞ்சிகை எந்த மொழியினதாயினும் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எம்மில் எத்தனை பேர் கொடுத்தோம்? திரைப்படங்களுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் எமது ஏடுகள் பலவற்றைக் காத்துவருகிறது. ஆனால் அங்கே சேர்வதற்கும் முதலில் யாரோ ஒருவர் பெட்டியைத் திறக்க வேண்டும்.

திறக்கும்போது தெரிவுசெய்யக் கூடாது என்பதே நான் முன்வைக்கும் விவாதம். மாற்று இயக்கத்தின் பத்திரிகை, துரோகி என்று நாம் ஒதுக்கியவனின் நாடகம், இன்று படிக்கக் கூசும் எமது சொந்தத் தலையங்கம் எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருக்கின்றன. ஏவர்ஸ் எனக்கு உவப்பான மனிதர் அல்ல. ஆனாலும் அவரது கதையிலிருந்து பிறந்த அந்த 1918ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்க முடியவில்லையே என்று வருந்துகிறேன். பேணுவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்ள நாம் தயாரா?

நான் அந்தச் சப்பாத்துப் பெட்டியை மேலே கொண்டுவந்துவிட்டேன். கருவி வைத்திருப்பவர்கள் எழுதவும்.