ஆர் + எல் = ஜே: இருபது வருடம் ஓடிய ஒரு ஊகத்தின் வரலாறு

வரலாறு பேசுற பாட்காஸ்ட்ல டிவி சீரியலுக்கு என்ன வேலைன்னு சிலர் கேட்கலாம். ஒரு கதாபாத்திரத்தின் அம்மா யாருங்கிற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆட்கள் இருபது வருடம் ஆதாரம் சேகரித்தார்கள், வாதாடினார்கள், சண்டை போட்டுப் பிரிந்தார்கள். கடைசியில் அவர்கள் சொன்ன பதில் சரி என்று தெரிந்தது. அதன்பிறகுதான் பெரிய சண்டையே வந்தது. இதுக்கு ஒரு எபிசோட் ஒதுக்கலாம்னு எனக்குத் தோணுச்சு.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இன்னும் பார்க்காதவங்க, பார்க்கணும்னு வச்சிருக்கிறவங்க இங்கேயே நிறுத்திக்கோங்க. கடைசி சீசன் வரைக்கும் எல்லாத்தையும் போட்டு உடைக்கப்போறேன்.

1996 ஆகஸ்டில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் நாவல் வந்தது. கதை தொடங்குவதற்குப் பதினான்கு பதினைந்து வருடம் முன்பு ஒரு போர் முடிந்திருக்கிறது. பட்டத்து இளவரசன் ரேகர் டார்கேரியன், லியானா ஸ்டார்க் என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனான் என்பது ஊரறிந்த கதை. லியானாவுக்கு நிச்சயம் செய்திருந்த ராபர்ட் பராத்தியன் போர் தொடுத்தான். ரேகரை ட்ரைடென்ட் ஆற்றில் தன் கையாலேயே கொன்று அரியணை ஏறினான். லியானாவும் இறந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் நெட் ஸ்டார்க் போர் முடிந்து ஊர் திரும்பும்போது ஒரு கைக்குழந்தையோடு வந்தார். "இவன் என் பையன், பேர் ஜான்" என்றதோடு சரி. தாய் யார் என்று கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நேர்மைக்குப் பேர்போன மனிதர், கல்யாணமான கையோடு போருக்குப் போன இடத்தில் இப்படிச் செய்வாரா? அங்கேதான் வாசகர்களுக்கு உறுத்த ஆரம்பித்தது.

புத்தகம் வந்த அடுத்த வருடமே, 1997-ல், யூஸ்நெட் குழுக்களில் ஒரு ஊகம் எழுதப்பட்டுவிட்டது. ஜான், நெட்டின் மகன் இல்லை. ரேகருக்கும் லியானாவுக்கும் பிறந்தவன். பிறகு அதைச் சுருக்கி ஒரு சமன்பாடாக்கினார்கள்: ஆர் + எல் = ஜே. இன்றைய மாதிரி வீடியோ போட்டு விளக்குகிற காலம் இல்லை அது. எழுத்து மட்டும்தான். கையில் ஒரு புத்தகம், எதிரில் அதே புத்தகத்தைப் படித்த இன்னொரு ஆள். 1998-லும் 2000-லும் அடுத்தடுத்த புத்தகங்கள் வர வர, வாதத்துக்குத் தீனி கூடிக்கொண்டே போனது.

அந்த வாதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்றேன், ஏன்னா இது ஒரு நல்ல வக்கீல் கட்டுகிற வழக்கு மாதிரி இருக்கும்.

முதல் நாவலில் நெட்டுக்கு ஒரு கனவு வருகிறது. போரின் கடைசியில் அவரும் ஆறு தோழர்களுமாக ஏழு பேர் ஒரு கோபுரத்துக்குப் போகிறார்கள். அங்கே மூன்று பேர் காவல் நிற்கிறார்கள். மூவரும் கிங்ஸ்கார்டு, அதாவது அரசனின் உயிரைக் காக்கச் சத்தியம் செய்த ஏழு வெள்ளையங்கி வீரர்களில் மூவர். ஆர்தர் டெய்ன், ஆஸ்வெல் வென்ட், படைத்தலைவர் ஜெரால்ட் ஹைடவர். சண்டை நடக்கிறது. உயிரோடு மிஞ்சியது நெட்டும் ஹவ்லண்ட் ரீடும் மட்டும். உள்ளே ரத்தம் தோய்ந்த படுக்கையில் லியானா. அண்ணனிடம் ஏதோ ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு இறந்துபோகிறாள்.

கேள்வி இதுதான். அப்போது ரேகர் செத்தாச்சு. அரசனும் செத்தாச்சு. ரேகரின் கைக்குழந்தை மகனையும் கொன்றாச்சு. ஊர் அறிந்த கணக்குப்படி அடுத்த வாரிசு விசெரிஸ் என்ற சின்னப் பையன், டிராகன்ஸ்டோன் தீவில் இருக்கிறான். அரசனைக் காப்பதுதான் இவர்கள் கடமை என்றால், மூன்று பேரில் ஒருவராவது அவனிடம் ஓடியிருக்க வேண்டாமா? கனவில் நெட்டே இதைத் தொட்டுக் கேட்கிறார். அவர்கள் அசையவில்லை. ஒரு கோபுரத்தின் வாசலில் சாவதற்குத் தயாராக நிற்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் காக்க வேண்டிய அரசன் அந்தக் கோபுரத்துக்குள்ளேயே இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? பிறந்து சில நாள் ஆன அரசன்.

இதை முதல்முறை படிக்கும்போது எனக்குச் சிலிர்த்தது. ஒரு வார்த்தைகூட நேரடியாகச் சொல்லாமல், ஆட்கள் நிற்கிற இடத்தை வைத்தே ஆசிரியர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. கால் முறிந்து, வலிக்கு மருந்து குடித்து, காய்ச்சலில் கிடக்கிற ஆளின் கனவெல்லாம் ஒரு சாட்சியா என்று கேட்டார்கள். நியாயம்தான். கனவில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதுன்னு மார்ட்டினே ஒருமுறை எச்சரித்திருக்கிறார். அம்மா வேறு ஆள் என்பதற்கும் அவர்களிடம் ஆதாரம் இருந்தது. நெட், ராபர்ட்டிடம் சொன்ன பெயர் வைலா. வின்டர்ஃபெல் வேலைக்காரர்கள் கிசுகிசுத்த பெயர் ஆஷாரா டெய்ன். 2011-ல் வந்த ஐந்தாவது நாவலில் ஒரு மீனவனின் மகள் என்று மூன்றாவது கதை வருகிறது. ஆர் + எல் தரப்பு இதற்கு என்ன சொன்னது தெரியுமா? ஊருக்கு ஒரு அம்மா இருக்கிறாள் என்றாலே, யாருக்கும் உண்மை தெரியாது என்றுதானே பொருள்!

ஆனால் எதிர்த்தரப்பின் பலமான வாதம் வேறு. தன் பிறப்பு தெரியாமல் வளர்கிற ரகசிய இளவரசன் என்பது ஃபேன்டசியிலேயே அரதப்பழசான சங்கதி. நாயகன் என்று நாம் நம்பிய நெட்டின் தலையை முதல் புத்தகத்திலேயே வெட்டிய எழுத்தாளர், போய்ப்போய் இதையா செய்வார் என்றார்கள். இந்த வாதம் மட்டும் கடைசிவரை சாகவில்லை. பின்னால் வருகிறேன்.

வெஸ்டரோஸ்.ஆர்க் தளத்தில் இந்த விவாதத்துக்கென்றே ஓர் இழை ஓடியது. அது நிரம்பினால் மூடிவிட்டு அடுத்த எண் போட்டுத் திறப்பார்கள். அந்த எண் நூறைத் தாண்டியது. புதிதாக வருகிற ஆள் "எனக்கு ஒரு விஷயம் தோணுது, ஜானோட அம்மா..." என்று ஆரம்பித்தால் எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க.

இதெல்லாம் எழுதுகிற ஆளின் காதுக்குப் போகாமல் இருக்குமா? 2014 ஆகஸ்டில் எடின்பரோ புத்தகத் திருவிழாவில் மார்ட்டின் இதைப் பற்றிப் பேசினார். எந்த ஊகம் என்று சொல்லவில்லை. ஆனால் சில வாசகர்கள் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டார். முடிவை மாற்றலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்ததாகச் சொன்னார். அவர் தரப்பு எளிமையானது. கொலை செய்தது சமையல்காரன் என்று திட்டமிட்டு முன்னூறு பக்கம் தடயம் வைத்த பிறகு, யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காகத் தோட்டக்காரன் மேல் பழியைப் போட்டால், அந்த முன்னூறு பக்கமும் பொய்யாகிவிடும். அவர் சொன்னது வேறு வேலையாட்கள், நம்ம வசதிக்கு நான் மாத்திக்கிட்டேன்.

முடியாத கதையை ரசிகர்கள் கையில் எடுப்பது புதுசு இல்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1870 ஜூனில் இறந்தபோது 'எட்வின் ட்ரூட்' நாவல் பாதியில் நின்றது. ட்ரூட் கொல்லப்பட்டானா, கொன்றது யார்? 1914 ஜனவரியில் லண்டனில் எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு விளையாட்டு நீதிமன்றமே நடத்தினார்கள். நீதிபதி ஜி. கே. செஸ்டர்டன், நடுவர் குழுத் தலைவர் பெர்னார்ட் ஷா. கடைசியில் செஸ்டர்டன் தன்னைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதம் விதித்தார். 2019-ல் நடந்ததைப் பார்க்கிறப்போ அந்தத் தீர்ப்பு ஞாபகம் வரும்.

இப்போ டிவிக்கு வருவோம். டேவிட் பெனியாஃப், டி. பி. வெய்ஸ் இருவரும் இந்தக் கதையைத் தொடராக்க வேண்டும் என்று 2006-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மதிய உணவுக்கு மார்ட்டினைச் சந்தித்தார்கள். அவர் ஒரு கேள்வி கேட்டார்: ஜான் ஸ்னோவின் அம்மா யார்? அவர்கள் சொன்ன பதில் சரியாக இருந்தது. இது தேர்வு மாதிரி வேடிக்கையாகச் சொல்லப்படுகிற சம்பவம். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. கவனமாகப் படித்தவன் விடையைக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும் என்று மார்ட்டினே எதிர்பார்த்திருக்கிறார்.

2011 ஏப்ரல் 17-ல் தொடர் தொடங்கியது. முதல் சீசனில் கோபுரக் கனவே இல்லை. அதனால் டிவி மட்டும் பார்த்தவர்கள் கையில் ஆதாரமே கிடையாது. அடுத்த முறை பார்க்கும்போது உன் அம்மாவைப் பற்றிப் பேசுவோம் என்று ஜானிடம் நெட் சொல்லிவிட்டுப் போகிற இரண்டாவது எபிசோட் மட்டும்தான். புத்தகம் படித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு, தெரிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். 2013 ஜூனில் கல்யாண வீட்டுப் படுகொலை ஒளிபரப்பானபோது, பதின்மூன்று வருடமாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள் அலறுவதைப் படம் பிடித்துப் போட்டார்கள்.

அந்த மிதப்பு 2016-ல் முடிந்தது. ஆறாவது சீசனில் தொடர் புத்தகங்களைத் தாண்டிவிட்டது. இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம் இதுதான் என்பது என் கருத்து. அதுவரை ஊகம் என்றால் பக்க எண்ணோடு பேசுவது. அதற்குப் பிறகு, நடிகர் முடி வெட்டினாரா, எந்த ஊரில் படப்பிடிப்பு என்று பார்ப்பதாக மாறியது. 2015 ஜூன் 14 அன்று ஜானைக் குத்திக் கொன்றார்கள். அவர் திரும்பி வருவாரா என்ற விவாதத்தில் ஒருபக்கம் இருபது வருட ஊகம்: இவ்வளவு பெரிய ரகசியத்தை வைத்துக்கொண்டு ஆளைச் சாகவிட முடியாது. இன்னொரு பக்கம் கிட் ஹாரிங்டனின் தலைமுடி. அவர் செத்தது செத்ததுதான் என்று சாதித்தார். 2016 மே 1-ல் ஜான் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கோபுரத்தைக் காட்டினார்கள். ஜூன் 26, சீசனின் கடைசி எபிசோடில் லியானாவின் கையில் குழந்தை, அதன் முகத்திலிருந்து நேராக ஜானின் முகம். அவ்வளவுதான். பத்தொன்பது வருடம். எதிர்த்தரப்பினர் தோற்றதை ஏற்றுக்கொண்டார்கள். சில பேர் ஏற்கவில்லை, அது வேற விஷயம். அடுத்த வருடம் கில்லி ஒரு பழைய நாட்குறிப்பைப் படிக்கும்போது, ரேகர் தன் முதல் மனைவியை முறைப்படி விலக்கிவிட்டு மறுமணம் செய்த செய்தி வரும். பக்கத்தில் இருக்கிற சாம் அதைக் காதில் வாங்காமல் புலம்பிக்கொண்டிருப்பான். அந்த எபிசோட்ல டிவியைப் பார்த்துக் கத்தாத ரசிகர் குறைவு. ஆக ஜான் முறைதவறிப் பிறந்தவனும் இல்லை, அரியணைக்கு உரியவன்.

பிறகு 2019. ஜானுக்கு உண்மை தெரிகிறது, டெனேரிஸுக்குத் தெரிகிறது, சான்சா வழியாக டிரியனுக்குப் போகிறது. நைட் கிங்கைக் கொன்றது ஆர்யா. அரசனானது பிரான். ஜான் தொடங்கிய இடத்துக்கே, வடக்குச் சுவருக்கே திருப்பி அனுப்பப்பட்டான். கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லி இணையத்தில் போட்ட மனுவில் பதினைந்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது.

அவசரமாக எடுத்தார்கள் என்ற குறையோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் "அப்போ அந்த ரகசியத்துக்கு என்னதான் பயன்?" என்று கேட்டவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. ரகசியம் வேலை செய்தது. டெனேரிஸைக் கலங்கடித்தது அதுதான். சிக்கல் என்னன்னா, அந்தச் சமன்பாட்டை ரொம்ப நாள் பார்த்துப் பார்த்து, சமக்குறிக்கு வலப்பக்கம் கிரீடம் இருக்கிறது என்று நாமே முடிவு பண்ணிட்டோம். ரகசிய இளவரசன் அரதப்பழசு என்று சொன்ன எதிர்த்தரப்பு உண்மையில் எதிர்த்தது அந்தக் கிரீடத்தைத்தான். அந்த அளவில் அவர்கள் சொன்னது சரி.

முதல் நாவலைத் திரும்பப் படித்தால் தடயங்கள் எல்லாம் யாரைச் சுற்றி இருக்கின்றன? ஜானைச் சுற்றி இல்லை, நெட்டைச் சுற்றி. ரேகரின் குழந்தைகளின் உடல்களைச் சுற்றி எடுத்துவந்து ராபர்ட் முன்னால் வைத்தபோது ராபர்ட் முகம் சுளிக்கவில்லை. நெட் அதைப் பார்த்தவர். டார்கேரியன் குழந்தை என்றால் தன் உயிர் நண்பன் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியும். அதனால் நண்பனிடம் பொய், மனைவியிடம் பொய், பதினான்கு வருடம். கேட்லின் ஒருமுறை அந்தப் பையனைப் பற்றிக் கேட்டதும் அவர் காட்டிய முகத்தில் அவளே பயந்துபோனாள். உண்மை தெரியாமலே அந்தப் பையனை வெறுத்து, தெரியாமலே செத்தும் போனாள். செர்ஸியின் பிள்ளைகள் ராபர்ட்டுக்குப் பிறந்தவர்கள் இல்லை என்று கண்டுபிடித்ததும் நெட் என்ன செய்தார்? நேரே அவளிடம் போய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடு என்றார். முட்டாள்தனம் என்று எல்லோரும் சொல்வார்கள். லியானாவுக்குக் கொடுத்த சத்தியம் தெரிந்த பிறகு அதை அப்படிச் சொல்ல முடியுமா?

இந்த வாதங்களை முதலில் சொன்னவர்களும் அந்தப் பழைய வாசகர்கள்தான். நடுவில் வாரிசுச் சட்டம், திருமணம் செல்லுமா, டிராகன் யாருக்குக் கட்டுப்படும் என்று போய், இது அடியில் தங்கிவிட்டது.

இன்னொரு விஷயம். புத்தகத்தில் இது இன்னும் ஊகம்தான். ஆறாவது நாவல் வரவில்லை. 2011-க்குப் பிறகு பிரதான கதையில் ஒரு புத்தகம்கூட இல்லை. டிவி சொன்னதை ஏற்க மாட்டோம், எழுத்தில் வரட்டும் என்று சொல்கிற ஒரு கூட்டம் ஆஷாரா டெய்னைக் கைவிடாமல் இருக்கிறது. அவர்களையும் எனக்குப் பிடிக்கும். கோபுரத்தில் நடந்ததைப் பார்த்து உயிரோடு இருக்கிற ஒரே ஆள் ஹவ்லண்ட் ரீட். ஐந்து நாவல்களில் அவர் ஒரு காட்சியில்கூட நேரில் வரவில்லை. சதுப்புநிலத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார்.

சரி, அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.