கலப்பை, டிராக்டர், பறிக்கப்பட்ட நிலம்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பழைய இரும்புக் கலப்பை இன்று இரண்டு விதமாக விலை போகிறது. பெயிண்ட் அடித்து வீட்டு முற்றத்தில் நிறுத்துகிறவர்களுக்கு அது ‘பாரம்பரியம்’. எண்பது ஆண்டுப் பழைய டிராக்டருக்குப் பின்னால் மாட்டி நாலு ஏக்கர் உழ நினைக்கிறவர்களுக்கு அது வேலைச் சாமான். முதல் வகையினரின் கலப்பைக்கு வயது மட்டும்தான் உண்டு, வரலாறு கிடையாது. இரண்டாம் வகையினர் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள். இவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

நான் சொல்வது மண்ணைக் கீறிவிட்டுப் போகும் நம்மூர் நாட்டுக் கலப்பையை அல்ல. கொழு அடிமண்ணை வெட்ட, அதன்மேல் முறுக்கி வளைத்த இரும்பு இறக்கை அந்தப் பாளத்தைத் தூக்கிக் கவிழ்த்துப் போடும் இறக்கைக் கலப்பை. (சைதாப்பேட்டையில் 1865இல் அமைந்த அரசுப் பண்ணை மேனாட்டுக் கலப்பைகளை நம்மிடம் பரப்ப முயன்றது தனிக்கதை.) வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இறக்கையின் முகத்தை. கண்ணாடி மாதிரி இருந்தால் மண் வழுக்கி ஓடும். துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் மண் அப்பிக்கொள்ளும், புரளாது. அடுத்து கொழுவின் மூக்கு மழுங்கியிருக்கிறதா, மாற்றுக் கொழு கிடைக்குமா. பிறகு சாலின் சுவரோடு உரசிப்போகும் பக்கத் தகடு. அது தேய்ந்துபோனால் கலப்பை நேராக ஓடாது. பெயிண்ட் இவை எல்லாவற்றையும் மறைத்துவிடும். எனவே பளபளவென்று நிற்கும் பழங்கலப்பையைச் சந்தேகப்படுவது நல்லது.

வண்டிக்குத் தக்க கலப்பை வேண்டும். அக்காலத்தில் டிராக்டரின் வலுவை ‘இரண்டு கலப்பை வண்டி’, ‘மூன்று கலப்பை வண்டி’ என்றே சொன்னார்கள். 1939இல் வந்த ஃபோர்டு 9என் இரண்டு கலப்பை வண்டி: 14 அங்குல அகலத்தில் இரண்டு சால், ஒரே ஓட்டத்தில் 28 அங்குலம். அதற்கு முந்தைய வண்டிகள் கலப்பையைச் சும்மா இழுத்துக்கொண்டு போயின. 1917இன் ஃபோர்ட்சனில் கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால் வண்டியின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும், ஓட்டியவர்கள் செத்திருக்கிறார்கள். ஹாரி ஃபெர்குசனின் மும்முனை இணைப்பு அந்த ஆபத்தைக் குறைத்தது. முதல் சால் போட்டபின் வலப்பக்கச் சக்கரங்கள் சாலுக்குள் ஓடும், வண்டி சாய்ந்திருக்கும், கலப்பை மட்டும் தரைக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். திருகைத் திருகித் திருகி இதைச் சரிசெய்வதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

இத்தனை நுட்பமும் யாருடைய நிலத்தில் சேர்ந்தது? இல்லினாய் மாநிலத்துக் கிராண்ட் டிடூரில் 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர் உடைந்த அறுவை வாளின் எஃகில் கலப்பை செய்தார். வார்ப்பிரும்பில் ஒட்டிக்கொண்ட புல்வெளிக் கருமண் எஃகில் வழுக்கியது. கம்பெனிக் கதையாடல் இங்கே தொடங்கும். ஐந்தாண்டு முன்னால் தொடங்காது. கிராண்ட் டிடூர் ராக் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதே ஆறு மிசிசிப்பியில் கலக்குமிடத்தில் சாக்கெனுக் இருந்தது: சாக் மக்களின் பெரிய ஊர், பெண்கள் கொத்தி விதைத்து மக்காச்சோளம் விளைவித்த ஊர். 1832 போரோடு அவர்களுக்கு அந்த நிலம் முடிந்துபோனது. அவர்களது தலைவர் பிளாக் ஹாக் சொல்ல எழுதி 1833இல் வெளியான தன்வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு கிழவர் ராக் ஆற்றுக்குள் சின்னத் தீவில் சோளம் போட்டிருந்தார். இங்கே யார் வரப்போகிறார்கள் என்று நம்பியிருந்தார். பயிர் நன்றாக எழும்பியது. வெள்ளைக்காரன் ஒருவன் அதைப் பார்த்தான், மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு தீவுக்குப் போனான், முளைத்த சோளத்தை உழுது போட்டான், தனக்கென்று புதிதாக விதைத்துக்கொண்டான். கிழவர் அழுதார்.

உழுவது இங்கே நிலத்தைப் பண்படுத்தும் காரியம் அல்ல, பட்டா எழுதும் காரியம். ஆதி மூலதனத் திரட்டல் என்று மார்க்ஸ் பேசியதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். டீரின் தொழிற்சாலை 1848இல் மோலீனுக்கு மாறியது. சாக்கெனுக் இருந்த மண்ணுக்கு மோலீன் பக்கத்து ஊர்.

பிறகு டிராக்டர் வந்தது. முதல் உலகப்போர்க் காலத்துக் கோதுமை விலை சமவெளிப் புல்தரையைக் கிழிக்க வைத்தது, 1930களின் வறட்சியில் அந்த மண் காற்றோடு போனது. 1935 ஏப்ரல் 14ஐக் ‘கறுப்பு ஞாயிறு’ என்கிறார்கள். ஏப்ரல் 27இல் மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. உண்மையில் தெற்குச் சமவெளியை அதிகம் கிழித்தது சட்டிக் கலப்பை, ஆனால் பழி பொதுவாகக் ‘கலப்பை’ மேல் விழுந்தது. கோதுமை விலை மேல் விழவில்லை. 1943இல் எட்வர்டு ஃபோக்னர் இறக்கைக் கலப்பையே கூடாது என்று ஒரு புத்தகம் போட்டார்.

உழாமல் விதைப்பது மண் அரிப்பைக் குறைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் களையைக் கவிழ்த்துப் புதைத்த வேலையை யாராவது செய்தாக வேண்டுமே. 1974இல் மான்சாண்டோ கிளைபோசேட்டை விற்கத் தொடங்கியது. 1996இல் அதே மருந்தைத் தாங்கும் சோயா விதையையும் விற்றது. ஆண்டுதோறும் வாங்க வேண்டிய விதை, ஆண்டுதோறும் வாங்க வேண்டிய மருந்து. பழங்கலப்பையில் காப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது, கொழுவைப் பட்டறையில் அடித்துக்கொள்ளலாம். மருந்து அடிக்காத சிறு விவசாயிகள் அதைத் தேடிப் போவதற்கு ஏக்கம் காரணமல்ல. அவர்களிலும் விவரம் தெரிந்தவர்கள் வருஷா வருஷம் அதைக் கட்டுவதில்லை. தீவனப் புல் போட்ட வயலைச் சோளத்துக்குத் திருப்பும்போது மட்டும், அதுவும் சரிவுக்குக் குறுக்காக.